மலையகத் தோட்டத்துக்கு நாங்கள் போய்வருவது பற்றிக் கடலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் எங்கள் சேவைச் சங்கத்தில் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று நாற்பது பேருக்குள் இருக்கிறோம். உள்ளூர் வேலைகளோடு, இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் மூன்று சின்ன வேலைகளுக்கும் கைகொடுத்து வருகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களில் சிலர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பயணப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதனால் மஞ்சக்குப்பம் டீக்கடையில், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே பார்த்தாலும் அதே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதிப் பதில் தந்திருக்கிறேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது போட்டோ பற்றிய பதிலில் வரும்.

நம்ம ஊர்லயே இத்தனை கஷ்டம் இருக்கும்போது வெளிநாட்டுக்கு எதுக்குங்க?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைத் தேவனாம்பட்டினத்துக்கு எங்கிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள் என்று அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்து, பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரித் தோப்பும் ஒரே விடியலில் சாய்ந்து கிடந்தபோதும் வந்தார்கள். நம் ஊரின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள் கொடுத்த பணத்தில் இங்கே படகும் வலையும் வீடும் வந்தன. அவர்கள் ஊரிலும் கஷ்டப்படுகிறவர்கள் இருந்திருப்பார்கள்தானே. 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து பால் பவுடருக்கும் பெட்ரோலுக்கும் வரிசை நின்றது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள் அனுப்புவதாக அறிவித்து, மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. அந்த வாரம் நடந்த எங்கள் கூட்டத்தில்தான் இந்தப் பேச்சு முதலில் எழுந்தது.

உள்ளூர் வேலை எதுவும் இதனால் நிற்கவில்லை. கடைகளில் வைத்திருக்கும் எங்கள் உண்டியல் பணம் ஒரு பைசாகூடக் கடல் தாண்டுவதில்லை. அது எப்படி என்று பணம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மலையகம்னா யாழ்ப்பாணம் பக்கமா?

இல்லை. யாழ்ப்பாணம் தீவின் வடக்கு முனையில் இருக்கிறது. மலையகம் நடுவில் இருக்கிறது: நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை என்று மலையும் தேயிலையுமான பகுதி. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. அங்கே இருக்கும் தமிழர்களின் முன்னோர்கள் நம் பக்கத்து ஜனங்கள். 1820களில் தொடங்கி, காப்பித் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வெள்ளைக்காரர்கள் ஆள் சேர்த்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனவர்கள் அவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். காப்பிச் செடி நோயில் அழிந்த பிறகு அதே மலையில் தேயிலை வந்தது.

1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அந்த ஜனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே தங்கிவிட்டவர்களில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களோடு வருகிறவர்கள் இவ்வளவாவது தெரிந்துகொண்டு வர வேண்டும். தெரியாமல் போய் அங்கே ஒருவர் கேட்ட ஒரு கேள்வியால் நாங்கள் தலைகுனிந்ததும் உண்டு. அது பின்னால் வரும்.

அங்க என்னதான் செய்றீங்க?

முதலாவது, பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், தோட்டத்தில் எல்லோருக்கும் அது பிள்ளை மடுவம்தான். அதற்குக் கூரைத் தகடும் குழந்தைகள் உயரத்துக்கு ஏற்ற கழிப்பறையும் போட்டோம். இரண்டாவது, பீலி. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்து விழும் இடத்தை அங்கே பீலி என்பார்கள். மூன்று லயங்களுக்குத் தண்ணீர் வர வழி செய்தோம். லயம் என்றால் வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை ஒட்ட ஒட்ட வைத்துக் கட்டிய, வெள்ளைக்காரன் காலத்து நீளக் கட்டடம். மூன்றாவது, சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரும் மாலை வகுப்பு. நம் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி அது.

இது எதையும் நாங்கள் நேரடியாக நடத்தவில்லை. அந்த ஊரில் பதிவு பெற்ற சின்ன அமைப்பு ஒன்று நடத்துகிறது. எது தேவை என்று சொன்னவர்களும் அவர்கள்தான். தோட்டத்து நிலம் அரசுடையது, நிர்வாகம் குத்தகைக்கு எடுத்த கம்பெனியுடையது. ஒரு கழிப்பறை கட்டக்கூடத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். வெளியூர்க்காரன் செங்கல்லோடு போய் நின்றால் நடக்காது.

போக்குவரத்துச் செலவு சங்கத்துப் பணமா?

இல்லை. டிக்கெட், விசா, தங்குமிடம், வேன், சாப்பாடு எல்லாம் போகிறவர் கைக்காசு. தோட்டத்தில் கொடுக்கும் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். மதியச் சாப்பாடு அவர்கள் தலையில் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவோம். தங்குவது ஹட்டன் நகரத்து விடுதியில்.

அந்த டிக்கெட் காசையும் சேர்த்து அனுப்பினா இன்னொரு பீலி கட்டலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. சங்கத்துக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

பீலி வேலை முடிந்ததும் போட்டோ வந்தது. நீல நிறத் தொட்டி, பளபளக்கும் குழாய், பக்கத்தில் சிரிக்கும் பிள்ளைகள். வரவுசெலவு ரசீதும் ஒழுங்காக வந்தது. எங்களுக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த வருஷம் போனபோது மூன்றாவது லயத்துக் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர் ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தார். கால்மணி நேரம் ஏற்றம். மேலே ஊற்றுக்கண்ணில் குழாயின் வாயைப் பழைய சேலைக் கிழிசலால் சுற்றி, மிலாறு ஒன்றை, அதாவது தேயிலைச் செடிக் குச்சியை, செருகி இறுக்கியிருந்தார்கள். துணி முழுக்கச் சேறும் மக்கின இலையும். “மழை பெஞ்சா எல கொட்டுது சேர். கட்டாட்டிப் போனா அடைச்சுக்கும். கட்டினா தண்ணி கொறைஞ்சுபோகுது” என்றார். அந்தத் துணியை இரண்டு நாளைக்கு ஒருமுறை மேலே ஏறி வந்து அலசிக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

தப்பு எங்களுடையது. வரைபடம் போட்டவர் எங்கள் உறுப்பினர். கடலூரில் நமக்குத் தண்ணீர் போர் போட்டு நிலத்தடியிலிருந்து வருகிறது, அதில் இலை வராது. அதே பழக்கத்தில் வண்டல் தொட்டியும் வலைச் சல்லடையும் இல்லாமல் குழாயை நேரே ஊற்றில் வைத்துவிட்டார். அங்கிருந்த அமைப்பினருக்கு இது தெரிந்திருந்தும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், “குடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்” என்றார்கள். வண்டல் தொட்டிக்கு ஆன செலவு நீலத் தொட்டியின் விலையைவிடக் குறைவு. நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த நீலத் தொட்டிப் போட்டோவை வருஷாவருஷம் ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டே இருந்திருப்போம்.

ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருபது பேர் கிளம்பினால் அது சுற்றுலாதான். அதனால் ஆறு பேருக்கு மேல் போவதில்லை. அதில் ஒருவர் கணக்கு பார்க்கத் தெரிந்தவர், ஒருவர் குழாய், கட்டட வேலை தெரிந்தவர், இரண்டு பேராவது பெண்கள்.

அங்க போயி ஒரு நாள் எப்படிப் போகும்? விழாவா?

முதல் வருஷம் விழாதான். அதை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது. காலை பத்து மணிக்குப் போய் இறங்கினோம். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானத்தில், பெண்கள் வரிசையாக மாலையோடு நின்றார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. அங்கே ஒரு நாள் கூலிக்கு ‘பேர்’ என்று பெயர். அன்றைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’தான் விழும், பாதிக் கூலி. எங்களை வரவேற்க நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அன்றைக்கு அரைப் பேர். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலியை 1,350 இலங்கை ரூபாய் ஆக்கினார்கள். நம் பணத்தில் அது அப்போது 400 ரூபாய்க்கும் குறைவு. அப்படிப்பட்ட கூலியில் பாதியை எங்கள் கழுத்து மாலைக்காக விட்டிருந்தார்கள்.

இப்போது சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான் லயத்துப் பக்கம் போகிறோம். பகலில் பிள்ளை மடுவம், பீலி, கணக்குப் புத்தகம். பீலியில் ஒரு வாளியை வைத்து நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்து, போன வருஷக் குறிப்போடு ஒப்பிடுவோம். மாலை வகுப்பில் வருகைப் பதிவேட்டை ஆரம்பத்திலிருந்து புரட்டுவோம். ஒருமுறை புதன்கிழமை மட்டும் பாதிப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு இருந்தது. விசாரித்தால், அன்றைக்கு வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறதாம். வகுப்பை அரைமணி முன்னால் தள்ளினார்கள், சரியாகிவிட்டது. இப்படிப்பட்டதைப் பார்க்கத்தான் போகிறோம்.

இருட்டும் நேரத்தில் எங்களோடு வந்த பெண்கள் மட்டும் லயத்துப் பெண்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவார்கள். ஆண்கள், அமைப்பினர், தோட்டத்து உத்தியோகஸ்தர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்ளே சரியாகப் போட முடியவில்லை என்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது.

எந்த மாசம் போனா நல்லது?

பிப்ரவரி, மார்ச். நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் பயம், ஊரை விட்டுக் கிளம்ப முடியாது. அவர்களுக்கு மே மாதத்துக்கு மேல் தென்மேற்குப் பருவமழை, சாலையில் மண் சரியும். ஏப்ரல் நடுவில் சித்திரை வருஷப்பிறப்பு விடுமுறை, கடை, ஆபீஸ் எதுவும் திறந்திருக்காது. டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம் என்பதால் ஹட்டனில் சனி ஞாயிறு அறை கிடைப்பது சிரமம். வார நாளாகப் பார்த்துப் போவோம்.

நாகப்பட்டினத்துல கப்பல் விட்டிருக்காங்களே, அதுல போகலாமே?

2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியதிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் தொடங்கிய சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. கடல் கொந்தளித்தால் ஓடாது. அது போய்ச் சேர்வதும் யாழ்ப்பாணக் கரை, அங்கிருந்து மலையகம் போக இன்னொரு முழு நாள் வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் பதுளை ரயிலைப் பிடித்தால் ஹட்டனில் இறங்கிவிடலாம்.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

ஸ்வெட்டர், குடை, பின்பக்கம் பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. தேயிலைக்குள் நடந்தால் அட்டை ஏறும். ஒரு துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரையை டாக்டர் சீட்டோடு எடுத்து வாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் மாதம் இலங்கை அரசின் தளத்தில் பார்த்து நானே எல்லோருக்கும் சொல்வேன்.

வீட்ல நல்ல நல்ல பழைய துணி இருக்கு, மூட்டை கட்டித் தரேன், எடுத்துட்டுப் போறீங்களா?

மாட்டோம். கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதனால் காரணத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2005 ஜனவரியில் தேவனாம்பட்டினத்துக்கு லாரி லாரியாக வந்த துணியைப் பிரித்துக் கொடுக்க நின்றவர்களில் நானும் ஒருவன். ஜரிகை உதிர்ந்த பட்டுப் பாவாடை, கோட்டு, ஒற்றைச் சாக்ஸ், காலர் கிழிந்த சட்டை. சாலையோரம் குவிந்து கிடந்து மழையில் நனைந்து நாறியது. மாடுகள் வந்து மேய்ந்தன. மகனைப் பறிகொடுத்த ஒரு மீனவப் பெண்மணி, நான் நீட்டிய புடவையை வாங்காமல், “நாங்க என்னைக்கும் பழசு உடுத்தினதில்ல தம்பி” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். புடவையை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்க வேறு வேலை பார்த்தேன். வாங்குகிற இடத்தில் நம் ஊர் ஒருமுறை நின்றிருக்கிறது. அதில் தெரிந்துகொண்டதை மறக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

இன்னொன்று, மூட்டை மூட்டையாக எடுத்துப்போனால் சுங்கத்தில் வியாபாரச் சரக்கா என்று கேட்பார்கள். நோட்டு, பேனா, பாய், பாத்திரம் எது வேண்டுமானாலும் ஹட்டன் கடைவீதியில் கிடைக்கிறது. அங்கே வாங்கினால் அந்தக் கடைக்காரருக்கும் பிழைப்பு.

பிள்ளைங்களுக்குச் சாக்லேட்டாவது?

வேனிலிருந்து அள்ளிக் கொடுக்க வேண்டாம். அடுத்த வருஷம் வேனைக் கண்டதும் கை நீட்டிக்கொண்டு ஓடிவர நாமே பழக்குகிறோம். ஆசையாக இருந்தால் சீல் வைத்த பண்ருட்டி வறுத்த முந்திரிப் பாக்கெட் கொண்டுவந்து டீச்சரிடம் கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் அவர் பங்கு போட்டுத் தருவார்.

போட்டோ எடுக்கலாமா? ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

மலையை, தொட்டியை, கட்டடத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். பிள்ளைகள் முகம் தெரிய எடுப்பதாக இருந்தால் பெற்றோரைக் கேட்க வேண்டும். டீச்சரைக் கேட்டால் போதாது. லயத்து அறைக்குள் எடுக்கவே கூடாது. பத்தடி அறையில்தான் சமையல், படுக்கை, உடை மாற்றுவது எல்லாம். அவர்கள் உள்ளே கூப்பிடுவது உட்கார்ந்து டீ குடிக்கத்தான்.

ஒரு தடவை எங்கள் உறுப்பினர் ஒருவர் போட்ட படத்தில் கிழிந்த சட்டையோடு ஒரு பையன் இருந்தான். கீழே தோட்டத்தின் பெயரும் போட்டிருந்தார். அந்தப் பையனின் அக்கா கொழும்பில் கடையில் வேலை பார்க்கிறாள். படம் சுற்றிச் சுற்றி அவள் செல்போனுக்கே போயிருக்கிறது. அடுத்த பயணத்தில் அந்தப் பையனின் அம்மா எங்களிடம் அதைச் சொன்னபோது மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்றிலிருந்து தோட்டத்தின் பெயரைப் பொதுவில் எங்கேயும் எழுதுவதில்லை.

நான் டாக்டர். ஒரு நாள் கேம்ப் போட்டுத் தரேனே?

அங்கே வைத்தியம் பார்க்க வெளிநாட்டு டாக்டருக்கு இலங்கை மருத்துவச் சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த ஆசைப்படும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் இதே பதில்தான். பள்ளிக்குள் நுழையவே வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் படிப்பை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். எங்கள் டாக்டர் உறுப்பினர் வந்தபோது பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, குழந்தைகளின் எடைப் பதிவு அட்டையை வரிசையாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மருந்து எதுவும் எழுதவில்லை. அது ரொம்ப உபயோகமாக இருந்தது என்று பின்னால் சொல்லி அனுப்பினார்கள்.

தமிழ்தானே பேசுறாங்க, அதுல என்ன சிக்கல் வரப்போகுது?

வார்த்தையில் சிக்கல் இல்லை. ‘சேர்’, ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள், நாமும் ‘அண்ணே’, ‘அக்கா’, ‘பெரியம்மா’ என்று கூப்பிட்டால் அரைமணியில் சொந்தமாகிவிடும். சிக்கல் வருவது உரிமை எடுத்துக்கொள்வதில். எங்களோடு வந்த ஒருவர் பாசத்தில், “நீங்கள்லாம் எங்க ஊர் ஆளுங்கதானே, அங்கேயே வந்துடலாமே” என்று ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டார். அவர் அமைதியாகக் கேட்டார்: “இந்த மலையில எங்க அஞ்சு தலைமுறை பொதைஞ்சிருக்கு சேர். நாங்க எந்த ஊருக்கு வரணும்?” நாங்கள் தலைகுனிந்தது அப்போதுதான். முன்பு சொன்ன 1948, 1964 விவரத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று அதன் பிறகுதான் கட்டாயமாக்கினோம். அவர்கள் இலங்கைக் குடிமக்கள். தங்களை மலையகத் தமிழர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

பணம் எப்படி அனுப்புறீங்க? எனக்கு 80ஜி ரசீது கிடைக்குமா?

கிடைக்காது. இந்தியாவுக்கு வெளியே உள்ள அமைப்புக்கு நேரே கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி என்கிற வருமான வரிச் சலுகை கிடையாது. இங்கே பதிவு பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஆணை இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கும் கிடைக்காது. அதனால்தான் சங்கத்துக் கணக்கையும் உண்டியலையும் இதில் தொடுவதே இல்லை. ஆசைப்படும் உறுப்பினர்கள் அவரவர் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். வழியில், அங்குள்ள அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புகிறார்கள். தனிநபர் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம். நாங்கள் அனுப்புவதெல்லாம் ஆயிரக்கணக்கான ரூபாய்தான். வங்கியில் ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். முதல் தடவை அலைச்சல், பிறகு பழகிவிடும்.

எஃப்.சி.ஆர்.ஏ. வேண்டாமா என்று கேட்கிறார்கள். அது வெளிநாட்டிலிருந்து இங்கே பணம் வாங்குகிறவர்களுக்கான சட்டம். ரோட்டரி மாதிரிப் பன்னாட்டுச் சங்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. அவர்களுடைய குளோபல் கிராண்ட் என்ற நிதியுதவிக்கு வேலை நடக்கும் நாட்டுச் சங்கம் ஒன்றும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் சேர வேண்டும், திட்டம் குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். எங்கள் வேலை அந்த அளவுக்குப் பெரியதில்லை.

அங்க ஒருத்தங்க தனியா கூப்பிட்டு உதவி கேட்டா? மனசு கேக்காதே.

கேட்காதுதான். ஒரு தாய் மகளின் படிப்புக்காகக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் பர்ஸைத் திறக்காமல் நிற்பது கொடுமை. நானே ஒருமுறை ரகசியமாகக் கொடுத்தேன். மறுநாள் காலை விடுதி வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். ஐந்து மணிக்கே பஸ் பிடித்து, அன்றைக்குப் பேரை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் கொடுக்க என்னிடம் இல்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

இப்போது பெயரையும் விஷயத்தையும் குறித்துக்கொண்டு அமைப்பினரிடம் கொடுப்போம். அவர்கள் விசாரித்து எழுதுவார்கள். பிறகு யாருக்கு முடிகிறதோ அவர் அமைப்பின் வழியாக உதவுவார். “ஊருக்குப் போயி அனுப்புறேன்” என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். அவர்கள் காத்திருப்பார்கள்.

எத்தனை வருஷம் இப்படியே செய்வீங்க?

வேலைக்கு வேலை வேறு. பீலியைப் பராமரிக்க லயத்துக்கு இரண்டு பேராகக் குழு போட்டு, மாதாமாதம் வீட்டுக்கு ஒரு சின்னத் தொகை சேர்க்கிறார்கள். அதில் நாங்கள் தலையிடுவதில்லை, எங்கள் பணமும் அதில் இல்லை. சேலைத் துணி கட்டிய அந்தப் பெரியம்மாதான் குழுவில் ஒருவர். பிள்ளை மடுவத்தின் அன்றாடச் செலவு நிர்வாகத்தின் பொறுப்பு, நாங்கள் கட்டடத்தோடு சரி. மாலை வகுப்புக்கு மட்டும் டீச்சர்களின் சம்பளம் எங்களை நம்பி இருக்கிறது. அதை விடும்போது ஒரு வருஷம் முன்னதாகச் சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எங்க தாத்தாவோட அண்ணன் கண்டிக்குப் போனவரு. தேடித் தர முடியுமா?

கடலூர், விழுப்புரம் பக்கத்தில் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருக்கிறேன். ‘கண்டிச்சீமை’ போன சொந்தம் இல்லாத கிராமம் இங்கே குறைவு. தேடுவது எங்கள் வேலை இல்லை, உறுதியும் தர முடியாது. ஆனால் விவரம் கொடுத்தால் விசாரித்துப் பார்க்கிறோம். பெயரும் ஜாதியும் மட்டும் போதாது. தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், ஆள் சேர்த்துக் கூட்டிப்போன எந்தக் கங்காணியோடு போனார், நம் ஊர்ப் பெயர், பழைய கடிதம் இருந்தால் அதன் உறை. கடித உறையில் உள்ள தபால் முத்திரைதான் பெரிய உதவி. தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஜனங்கள் தமிழில் கூப்பிடுவது வேறு பெயர். இரண்டும் தெரிந்தால் ரொம்ப நல்லது.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து இங்கே வந்தவர்களும் கேட்கிறார்கள், விட்டுவந்த அக்கா தங்கையைப் பற்றி. நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பாட்டி பன்னிரண்டு வயதில் வந்தவர். முகவரி எதுவும் ஞாபகமில்லை. பெரட்டுக்களத்துக்கு மேலே பெரிய கருப்பந்தேயிலை மரம் ஒன்று, அதற்குக் கீழே மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் பீலி என்று சொல்லி, தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டை நான் ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். வருகிற பிப்ரவரியில் எடுத்துப் போகிறேன்.